ராத்தாவின் வீட்டுக்கு மேலே இருப்பது தண்ணீர்த் தாங்கி அல்ல

மருதமுனை,
வியாழக்கிழமை இரவு.

அன்பும் மரியாதையும் நிறைந்த மாமாவுக்கு, உங்கள் மருமகள் பஸ்மினா எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும்.

வாப்பா, உம்மா, எனக்கு மூத்த ராத்தா, நான் எல்லோரும் அல்லாஹ்வின் கிருபையால் இங்கே நல்ல சுகம். நீங்களும் கத்தாரில் வெயில் அதிகம் படாமல் சுகமாக இருக்க ஐந்து நேரமும் துஆச் செய்கிறோம். கடிதம் இப்படித்தான் தொடங்க வேண்டும் என்று தமிழ் டீச்சர் சொல்லித் தந்திருப்பதால் இதை எழுதினேன். உண்மையில் இங்கே ஒருவருக்கும் சுகமில்லை. வாப்பாவுக்குப் பிரஷர் ஏறியிருக்கிறது. உம்மா சரியாகச் சோறு தின்பதில்லை. ராத்தா யாரோடும் கதைப்பதில்லை. நான் நுளம்பு வலைக்குள் டோர்ச் லைட்டை வாயில் கவ்விக்கொண்டு இதை எழுதுகிறேன். எழுத்து கோணியிருந்தால் மன்னியுங்கள். உங்களுக்கு வொய்ஸ் அனுப்பலாம்தான், ஆனால் உம்மாவின் போனை வாப்பா தினமும் திறந்து கேட்கிறார். அழித்து வைத்தால் ஏன் அழித்தாய் என்று கேட்கிறார். "கத்தாருக்கு ஒரு சொல்லுப் போனா, இந்த ஊட்டுல நான் இரிக்கமாட்டன்" என்று வேறு சொல்லியிருக்கிறார். நாளைக்கு அர்ஷாத் காக்கா லீவு முடிந்து கத்தாருக்குத் திரும்புகிறார். அவரிடம் உம்மா உங்களுக்குக் கொடுத்து அனுப்பும் இடியப்ப மாவுக்குள் இந்தக் கடிதத்தை வைக்கிறேன். மாவைத் தட்டிவிட்டுப் படியுங்கள்.

மாமா, ராத்தாவின் கலியாணம் நின்றுவிடும் போலிருக்கிறது. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். அடுத்த மாதம் நிக்காஹ் வைத்துக் காவின் எழுதுவதாகப் பேசியிருந்தது உங்களுக்குத் தெரியும். மாப்பிள்ளை பஸால் மச்சான் நல்லவர். ராத்தாவுக்கும் பிடித்திருக்கிறது, அவள் சொல்லவில்லை, ஆனால் எனக்குத் தெரியும். நம் ஊர் வழக்கப்படி மாப்பிள்ளை வந்து குடியேற வீட்டை நாங்கள்தான் கொடுக்க வேண்டும். வீடு இல்லாவிட்டால் கலியாணம் இல்லை. எங்கள் வளவுக்குள்ளேயே கட்டிய அந்த வீடு இப்போது எங்கள் கையில் இல்லை. பயப்படாதீர்கள், இடிந்து விழவில்லை. அதற்குள் கட்சி இருக்கிறது.

போன மாதம் வாப்பா குடும்பக் குரூப்பில் போட்ட வீட்டுப் படத்தைப் பார்த்து, "மாஷா அல்லாஹ், முன்பக்கம் என்ன வடிவு! மேல அது என்ன மச்சான்?" என்று கேட்டீர்கள். வாப்பா "தண்ணித் தாங்கி" என்று பதில் போட்டார். மாமா, அது தண்ணீர்த் தாங்கி அல்ல. அது தேத்தண்ணி ஊற்றும் கேத்தல். கேத்தல் கட்சியின் சின்னம். தகரத்தில் அடித்து, வெள்ளிப் பெயின்ட் பூசி, மூன்று பேர் உள்ளே இருந்து சாப்பிடக்கூடிய அளவில் செய்து, கொங்கிறீட் தட்டுக்கு மேலே கம்பியால் இழுத்துக் கட்டியிருக்கிறார்கள். காற்றடித்தால் மூடி 'டங் டங்' என்று அடிக்கிறது. பக்கத்து வீட்டுக் கைக்குழந்தை அந்தச் சத்தத்துக்குத்தான் இப்போது தூங்குகிறது.

எப்படி இப்படி ஆனது என்று முதலிலிருந்து சொல்கிறேன். நீங்கள் கத்தாருக்குப் போகும்போது சுவர் ஜன்னல் மட்டத்துக்கு வந்திருந்தது. அதற்குப் பிறகு அப்போதிருந்த அரசாங்கம் திடீரென்று இரசாயனப் பசளை வேண்டாம் என்று சொல்லிவிட்டது, வரிப்பத்தான்சேனை வயல்களில் பயிர் மஞ்சளாகி நின்றது, நெல் இல்லாததால் வாப்பாவின் லொறியில் ஏற்ற ஒன்றும் இல்லை, பிறகு கொஞ்சம் நெல் வந்தபோது டீசல் இல்லை, லொறி பெற்றோல் செட் வரிசையில் நின்றது, வாப்பா அதற்குள்ளேயே படுத்தார், உம்மா அங்கேயே சோறு கொண்டுபோய்க் கொடுத்தார், ஒரு நாள் வாப்பா தூக்கக் கலக்கத்தில் வீட்டுக்கு வந்து உம்மாவிடம் "எனக்கு முன்னுக்கு எத்தின வாகனம் நிக்கி?" என்று கேட்டார், பிறகு டீசல் வந்தது, அப்போது சீமெந்து வாங்க முடியாத விலைக்குப் போயிருந்தது. பாடசாலையில் இதற்கு 'அந்நியச் செலாவணி நெருக்கடி' என்று எழுதினால் புள்ளி கிடைக்கும். எங்கள் வளவில் அதற்குக் கூரையில்லாத வீடு என்று பெயர். எப்படியோ கடன்பட்டு மேலே தட்டுப் போட்டதோடு வாப்பா ஓய்ந்துவிட்டார்.

அந்த நேரத்தில்தான் பாராளுமன்றத் தேர்தல் வந்தது. கேத்தல் கட்சிக்கு எங்கள் ஊரில் அமைப்பாளராக இருக்கும் றமீஸ் காக்கா வாப்பாவைத் தேடி வந்தார். நான் குசினி வாசலில் நின்று கேட்டேன்.

"ஆதம்பாவா காக்கா, எலக்ஷன் முடியும்வரைக்கும் இந்த ஊட்ட ஒபிசுக்குத் தாங்க. தலைவர் சீமெந்து அனுப்புவாரு, டைல்ஸ் அனுப்புவாரு, ஒங்கட மருமகனுக்கு ஒரு தொழிலும் போட்டுத் தருவாரு."

"முடிஞ்ச அடுத்த நாள் ஊட்டுக் கதவுத் தெறப்பு என்ட கையில வரணும்."

"அடுத்த நாள் என்ன காக்கா, அண்டைக்கு ராவே தருவன்."

உம்மா உள்ளேயிருந்து, "மாப்பிள்ளட வாப்பா மசூர் ஹாஜியார் ஏணிக் கட்சி. மேடையில ஏறிக் கதைக்கிற ஆள். மகன் குடியிரிக்கப் போற ஊட்டுல கேத்தலக் கண்டா என்ன சொல்லுவாரு?" என்று கேட்டார்.

"எலக்ஷன் முடிஞ்சா எல்லாம் ஒண்டுதான். நீ சும்மா இரி" என்றார் வாப்பா.

சீமெந்து வந்தது மாமா. எங்கள் ஒழுங்கையின் வடிகானுக்கு வந்த மூடைகள்தான் அவை என்று எல்லோருக்கும் தெரியும், ஏனென்றால் வடிகான் எங்கள் வளவுக்கு முன்னால் பாதியில் நின்றுவிட்டது. இப்போது மழை பெய்தால் ஊர்த் தண்ணீர் எல்லாம் எங்கள் முற்றத்துக்குத்தான் வருகிறது. உம்மா வாளியால் அள்ளி ஊற்றிக்கொண்டே, "வடிகான் ஓடுற இடத்த விட்டுட்டு நம்மட சுவர்ல ஏறி நிக்கி, பாரு புள்ள" என்பார். அந்தச் சீமெந்தும் முன்சுவரைப் பூசுவதற்கு மட்டும்தான் போதுமாயிருந்தது. தலைவர் முன்பக்கமாக மட்டும்தானே வருவார் என்றார் றமீஸ் காக்கா. தலைவர் உட்காரும் அறைக்கு டைல்ஸ் வந்தது. குசினி இன்னும் மண் நிலம். கக்கூசுக்குக் கதவு வரவில்லை. அதற்குத் தலைவரின் சிரித்த முகம் அச்சடித்த பெனரைத் தொங்கவிட்டிருக்கிறார்கள். அதைத் தூக்கிக்கொண்டுதான் உள்ளே போக வேண்டும். ராத்தா ஒரு நாள் தன் வீட்டைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று போய் அதைக் கண்டாள். அன்றிலிருந்துதான் கதைப்பது குறைந்தது.

தேர்தலுக்குக் கொஞ்சம் முன்னால் இன்னொன்று நடந்தது. அது அப்போது எங்களுக்கு விளங்கவில்லை. ஒரு நாள் காலையில் ஒரு லொறி வந்து தையல் மெஷின்களை இறக்கியது. பிறகு தலைவர் வந்து ரிபன் வெட்டினார். ராத்தாவையும் பக்கத்து வீட்டுப் பெண்களையும் மெஷின்களுக்கு முன்னால் உட்கார வைத்தார்கள். "சும்மா ஒரு போட்டோதான் தங்கச்சி, கால மிதிச்சிக்கிட்டு இரிங்க, நூல் தேவல்ல" என்றார் றமீஸ் காக்கா. படம் எடுத்து முடிந்ததும் அதே லொறி அதே மெஷின்களை ஏற்றிக்கொண்டு, அடுத்த ஊரில் ரிபன் வெட்டுவதற்குப் போய்விட்டது. சுவரில் ஒரு பளிங்குக் கல் மட்டும் மிஞ்சியது. அதில் 'மகளிர் தையல் பயிற்சி நிலையம்' என்று சின்ன எழுத்திலும், தலைவரின் பெயர் பெரிய தங்க எழுத்திலும் இருக்கிறது. வாப்பா அதைத் தடவிப் பார்த்து, "நல்ல கல்லு, உள்ளூர்க் கல்லில்ல" என்று சந்தோஷப்பட்டார்.

தேர்தலில் கேத்தல் கட்சி தோற்றது. அடுத்த நாளே வாப்பா திறப்பைக் கேட்கப் போனார். றமீஸ் காக்கா அவரைத் தலைவரின் கதிரையிலேயே உட்கார வைத்து, "தேசியப் பட்டியல்ல நம்மட ஊருக்கு ஒரு எம்பி தரப்போறாங்க காக்கா. இந்த நேரம் பார்த்து ஒபிஸ மூடினா, நமக்கே நம்பிக்கை இல்ல என்டு ஆகிப்போகும்" என்றாராம். வாப்பா திறப்பைக் கேட்கப் போய், ஒரு பிளேன்ரீ குடித்துவிட்டு, நம்பிக்கையை வாங்கிக்கொண்டு வந்தார். அதன் பிறகும் பலமுறை போனார். ஒவ்வொரு முறையும் பிளேன்ரீ கொடுத்தார்கள். கடைசியாகப் போனபோது றமீஸ் காக்கா அங்கே தன் சாரனைக் காயப் போட்டிருந்தார்.

இனித்தான் பெரிய பயம் மாமா. புதிய அரசாங்கம் வந்த பிறகு, பழைய ஆட்கள் செய்த வேலைகளையெல்லாம் ஒவ்வொன்றாகப் போய்ப் பார்க்கச் சொல்லியிருக்கிறார்களாம். போன கிழமை பாண்டிருப்பைச் சேர்ந்த சுதன் என்ற அதிகாரி எங்கள் வாசலில் மோட்டார் சைக்கிளை நிறுத்தினார். நல்ல மனிதர். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வந்தார். "தையல் நிலையம் எங்க இருக்கு? நாளைக்கு வந்து பார்ப்பன்" என்றார். அவர் போன பிறகுதான் வாப்பாவுக்கு விளங்கியது. அரசாங்கத்தின் கணக்கில் ராத்தாவின் வீடு ஒரு தையல் நிலையம். அதைக் கட்டவும் மெஷின் வாங்கவும் என்று அப்போது பதவியில் இருந்த தலைவர் அரசாங்கப் பணத்தை எடுத்து முடித்துவிட்டார். இது நிலையம் இல்லை என்று சொன்னால், பணம் எங்கே, வடிகான் சீமெந்து யாருடைய சுவரில் என்று பொலிஸ் கேட்கும். நிலையம்தான் என்று சொன்னால் வீடு அரசாங்கத்துக்குச் சொந்தம். வாப்பா படுத்துவிட்டார். றமீஸ் காக்கா மட்டும் கலங்கவில்லை. "ஒரு நாளைக்கு நிலையமாக் காட்டுவம் காக்கா. பிறகு அவங்களே மறந்திருவாங்க" என்றார்.

மறுநாள் ஊரெல்லாம் மெஷின் இரவல் வாங்கி, உம்மாவையும் ராத்தாவையும் என்னையும் பக்கத்து வீட்டுக்காரர்களையும் உட்கார வைத்தார்கள். எனக்குக் கொடுத்த மெஷினுக்கு ஊசியே இல்லை. சுதன் ஐயா வருவதற்குச் சற்று முன்னால், யாரும் எதிர்பார்க்காமல், மாப்பிள்ளையின் உம்மா ஸுலைஹா மாமி வந்து சேர்ந்தார். கலியாணத்துக்கு ஜன்னல் சீலை தைக்க அளவெடுக்கலாம் என்று சாய்ந்தமருதிலிருந்து தனியாக வந்திருக்கிறார். கழுத்தில் அளவு நாடா. றமீஸ் காக்காவுக்கு அவரைத் தெரியாது. பெரிய சிரிப்போடு ஓடிப்போய், "டீச்சர் வந்திட்டா! இஞ்சால இரிங்க டீச்சர்" என்று பிடித்து, கேத்தல் பெனருக்குக் கீழே முன்கதிரையில் உட்கார வைத்துவிட்டார். உம்மா எழும்பப் போனார். அதற்குள் சுதன் ஐயா வாசலுக்கு வந்துவிட்டார்.

"அம்மா, நீங்க இங்க என்ன படிப்பிக்கிறீங்க?"

"படிப்பிக்கிறதா? நான் ஜன்னல் அளக்க வந்தன் தம்பி."

"ஓ, ஜன்னல் சீலை தைக்கப் பழக்குறீங்க." அவர் எழுதிக்கொண்டார்.

"ஆரு பழக்குற? இது என்ட மகன்ட ஊடு!"

சுதன் ஐயாவின் பேனை நின்றுவிட்டது. "அரசாங்கக் கட்டிடம் எப்பிடியம்மா உங்கட மகனுக்கு வந்தது?"

"அரசாங்கமா?" என்று சொல்லி, வந்ததிலிருந்து ஜன்னல்களையே எண்ணிக்கொண்டிருந்த ஸுலைஹா மாமி அப்போதுதான் தலையைத் தூக்கிப் பார்த்தார். தலைக்கு மேலே கேத்தல். பக்கத்தில் தலைவர். சுவரில் கல். சுதன் ஐயா அந்த நேரம் பார்த்து ஒரு படம் எடுத்தார். ஏணிக் கட்சியின் தூண் என்று சொல்லப்படும் மசூர் ஹாஜியாரின் மனைவி, கேத்தலுக்குக் கீழே வாயைத் திறந்தபடி இருக்கும் படம் இப்போது அரசாங்கத்திடம் இருக்கிறது. மாமி அளவு நாடாவைச் சுருட்டாமல், நிலத்தில் இழுபட இழுபட நடந்து போனார். சுதன் ஐயா வாப்பாவைத் தனியாகக் கூப்பிட்டு, "காக்கா, எனக்கு உங்களோட ஒரு கோபமும் இல்ல. நான் திரும்பி வாறதுக்குள்ள இது வீடா, நிலையமா என்டு நீங்களே ஒரு முடிவுக்கு வாங்க" என்று சொல்லிவிட்டுச் செருப்பைப் போட்டுக்கொண்டார்.

அன்று மாலையே மசூர் ஹாஜியார் ஆள் அனுப்பிவிட்டார். கேத்தல் இறங்க வேண்டும், கல் கழற்றப்பட வேண்டும், கட்சி வெளியே போக வேண்டும், அதற்குப் பிறகுதான் காவின், இல்லாவிட்டால் வேறு இடம் பார்ப்போம் என்று. பஸால் மச்சான் கூடாரத்தில் குடியிருக்கவும் தயார் என்று ராத்தாவுக்குச் சொல்லி அனுப்பியிருக்கிறார். ஆனால் அதைத் தன் வாப்பாவுக்குச் சொல்லத் தயாரில்லை. வாப்பா துணிந்து றமீஸ் காக்காவை வெளியே போகச் சொன்னார். "போறன் காக்கா. ஆனா சீமெந்து ஆரு ஊட்டுக்குப் போன என்டு என்னட்டக் கேட்டா, நான் பொய் சொல்லப் பழகல்ல" என்றார் அவர். இவ்வளவு செய்தவர் இப்போது பொய் சொல்லப் பழகவில்லையாம். வாப்பா திரும்பி வந்து பிரஷர்க் குளிசையைத் தேடினார்.

நேற்று ராத்தா கலியாணத்துக்கு எடுத்த சாரியை மடித்து அலுமாரியின் அடித்தட்டில் வைப்பதைக் கண்டேன். மேலே பழைய போர்வைகளை வைத்து மூடினாள். என்னைக் கண்டதும், "பூச்சி அரிக்கும் என்டுதான்" என்றாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. வாப்பாவைப் பிடித்துக்கொண்டு போய்விடுவார்களோ என்றும் பயமாக இருக்கிறது, பிடிக்காமல் விட்டால் அவரே யோசித்து யோசித்து விழுந்துவிடுவாரோ என்றும் பயமாக இருக்கிறது. வாசலில் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டாலே உம்மா இன்னும் திருப்பிக் கொடுக்காத இரவல் மெஷினுக்கு முன்னால் போய் உட்கார்ந்துவிடுகிறார்.

ஆகவே மாமா, நீங்கள்தான் காப்பாற்ற வேண்டும். வாப்பா உங்களுக்கு மட்டும்தான் பயப்படுவார். நான் எழுதியது என்று சொல்லாமல் போன் எடுத்து, அந்தத் தண்ணீர்த் தாங்கியின் மூடியைத் திறந்து ஒரு படம் அனுப்புங்கள் என்று கேளுங்கள். அவர் தடுமாறுவார். அப்போது எல்லாவற்றையும் சொல்ல வைத்து, சுதன் ஐயாவிடம் உண்மையைச் சொல்லிவிடும்படி புத்தி சொல்லுங்கள். உண்மையைச் சொன்னால் கொஞ்சம் தண்டிப்பார்கள், வீட்டையாவது விடுவார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. மசூர் ஹாஜியாரிடம் ஒரு மாதம் தவணை கேளுங்கள். முடிந்தால் லீவு எடுத்து வாருங்கள். ராத்தாவுக்கு இப்படி ஒரு மாப்பிள்ளை இனி அமையாது.

உங்கள் தொழிலிலும் உடம்பிலும் அல்லாஹ் பரக்கத்தைத் தரட்டும். உங்கள் அறையில் இருக்கும் நம் ஊர்க்காரர்கள் எல்லோருக்கும் எங்கள் ஸலாம். வாப்பா, உம்மா, ராத்தா உங்களுக்கு ஸலாம் சொல்லவில்லை, ஏனென்றால் நான் எழுதுவது அவர்களுக்குத் தெரியாது. ஆனால் தெரிந்திருந்தால் நிச்சயம் சொல்லியிருப்பார்கள்.

இப்படிக்கு,
பயத்துடன்,
உங்கள் மருமகள் பஸ்மினா.

பின்குறிப்பு: மாமா, இது வெள்ளிக்கிழமை காலையில் எழுதுவது. மேலே எழுதியது ஒன்றையும் செய்ய வேண்டாம். வாப்பாவுக்குப் போன் எடுக்கவே வேண்டாம். நேற்று இரவு கொழும்பில் தலைவர் ஏணிக் கட்சியில் சேர்ந்துவிட்டார். ஏணிக் கட்சி இப்போது அரசாங்கத்தோடு பேச்சுவார்த்தை நடத்துகிறதாம். சுபஹுத் தொழுகை முடிந்ததும் றமீஸ் காக்காவே தட்டுக்கு மேலே ஏறி, கேத்தலைக் கழற்றிக் கீழே போட்டுவிட்டு ஏணியைக் கட்டினார். பெனர் மாறியிருக்கிறது, முகம் அதேதான். சற்று நேரத்தில் மசூர் ஹாஜியார் ஒரு பெரிய சட்டி வட்டிலப்பத்தோடு வந்து, "சம்பந்தி! இனி நாம ஒரே ஆக்கள்!" என்று வாப்பாவைக் கட்டிப் பிடித்தார். வாப்பா அழுதார். பிரஷர் இறங்கிவிட்டது. அந்தக் கல்லைக் கழற்றத் தேவையில்லையாம், மேலிடத்து ஆட்களோடு கதைத்துவிடலாமாம். இன்னொரு கல் வைத்துத் தையல் நிலையத்தை மறுபடியும் திறப்பார்களாம். அதற்குத் தலைவி ஸுலைஹா மாமிதானாம். உங்களைக் கத்தார் கிளையின் அமைப்பாளராகப் போடவும் பேசிக்கொண்டார்கள்.

கலியாணத்தைப் பற்றி உம்மாதான் கேட்டார். அதற்கு ஹாஜியார், "தலைவர் மாகாண சபைத் தேர்தல்ல வோட்டுக் கேக்கப் போறாரு. ஒபிஸ் இல்லாம எப்பிடிக் கேக்கிற? அது முடிஞ்ச அடுத்த நாள் காவின வெப்பம்" என்றார். "அதுதான் சரி, அதுதான் சரி" என்று வாப்பாவும் சொல்லி இருவரும் வட்டிலப்பம் தின்றார்கள். அப்போதுதான் ராத்தா குசினியிலிருந்து வெளியே வந்தாள். ஹாஜியாருக்கு முன்னால் அவள் கதைத்ததே இல்லை. "மாகாண சபை எலக்ஷன் எப்ப?" என்று கேட்டாள். இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். "வரும் மகள்" என்றார் வாப்பா. "கட்டாயம் வரும்" என்றார் ஹாஜியார். "இன்ஷா அல்லாஹ்!" என்று றமீஸ் காக்கா மேலேயிருந்து சத்தம் போட்டார். கடைசியாக எங்கள் மாகாணத்தில் அந்தத் தேர்தல் நடந்தபோது நான் போத்தலில் பால் குடித்துக்கொண்டிருந்தேன் என்று உம்மா சொல்கிறார். அர்ஷாத் காக்கா வாசலில் வந்து நிற்கிறார், நான் மாவைக் கட்ட வேண்டும். மாமா, அங்கே எல்லா ஊர்க்காரர்களும் இருக்கிறார்களே, யாருக்காவது அந்தத் தேர்தலின் திகதி தெரியுமா என்று கேட்டுப் பாருங்கள். ராத்தா குசினி வாசலில் நிற்கிறாள், அவளுக்குச் சொல்ல வேண்டும்.